மிச்சிகன் ஏரியில் ஓடிய பயிற்சி விமானந்தாங்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்குக் கப்பலில் இறங்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்த முக்கியமான இடம் கடல் அல்ல, சிகாகோவை ஒட்டிய ஒரு நன்னீர் ஏரி. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வரிசையாகச் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை பின்னால்.

ஏரியில விமானந்தாங்கிக் கப்பலா? சும்மா கதை விடாதீங்க.

கதை இல்லை. யு.எஸ்.எஸ். வுல்வரின், யு.எஸ்.எஸ். சேபிள் என்று இரண்டு கப்பல்கள். 1942 முதல் 1945 வரை மிச்சிகன் ஏரியில் ஓடின. இரவில் சிகாகோ நகரின் நேவி பியர் துறையில் நிற்கும், காலையில் ஏரிக்குள் போகும். விமானிகள் கப்பலில் ஏறிப் போவதில்லை. நகருக்கு வடக்கே இருந்த கிளென்வியூ கடற்படை விமான நிலையத்திலிருந்து பறந்து வந்து, கப்பலின் மேல்தளத்தில் இறங்கி, மறுபடி கிளம்பி, மறுபடி இறங்கிப் பழகுவார்கள்.

ஏரி என்றதும் சின்னதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். உள்ளே போனால் கரை கண்ணில் படாது.

கடல் இருக்கும்போது ஏரியைத் தேடிப் போனது ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது நீர்மூழ்கிகள். 1942-இன் தொடக்கத்தில் ஜெர்மன் யு-போட்டுகள் அமெரிக்காவின் கிழக்குக் கரை ஓரமாகவே வந்து சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கரையில் நின்று பார்த்தாலே கப்பல் எரிவது தெரிந்த காலம் அது. கப்பலில் இறங்கிப் பழக வேண்டுமானால், கப்பல் காற்றை எதிர்த்து ஒரே திசையில் மணிக்கணக்கில் நேராக ஓட வேண்டும். நீர்மூழ்கிக்கு இதைவிட வசதியான இலக்கு கிடைக்குமா? காவலுக்கு நாசகாரிக் கப்பல்களை அனுப்பலாம் என்றால், அவற்றுக்கும் அப்போது பெரும் தட்டுப்பாடு.

இரண்டாவது, பயிற்சிக்கு ஒதுக்கக் கப்பலே இல்லை. போரில் இறங்கியபோது அமெரிக்காவிடம் இருந்த பெரிய விமானந்தாங்கிகள் ஏழு. 1942-இல் மட்டும் நான்கு போயின: மே மாதம் கோரல் கடலில் லெக்சிங்டன், ஜூனில் மிட்வேயில் யார்க்டவுன், செப்டம்பரில் வாஸ்ப், அக்டோபரில் ஹார்னெட். சண்டைக்கே கப்பல் போதாதபோது மாணவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? செசபீக் விரிகுடாவில் சார்ஜர் என்ற சிறிய தாங்கி பயிற்சிக்கு இருந்தது. அது ஒன்று போதாது.

ஏரிக் கப்பல்களை மாற்றியமைக்கலாம் என்ற யோசனையை 1941-இலேயே முன்வைத்தவர் கமாண்டர் ரிச்சர்ட் வைட்ஹெட். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

அந்தக் கப்பல்கள் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தன?

உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தன. வுல்வரினின் பழைய பெயர் சீயாண்ட்பீ. 1913-இல் கிளீவ்லாந்துக்கும் பஃபலோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, நாலு புகைபோக்கி வைத்த சொகுசு நீராவிக் கப்பல். சேபிள் 1924-இல் வந்த கிரேட்டர் பஃபலோ. இரண்டுமே நிலக்கரி எரித்து, பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றி ஓடுபவை. அமெரிக்கக் கடற்படையில் துடுப்புச் சக்கரம் வைத்த விமானந்தாங்கிகள் இந்த இரண்டும்தான்.

1942 மார்ச்சில் சீயாண்ட்பீயை வாங்கினார்கள். மேலே இருந்த அறைகள், அலங்காரங்கள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, 550 அடி நீளத்துக்கு மரப்பலகைத் தளம் போட்டார்கள். புகைபோக்கிகளை வலது ஓரத்துக்கு நகர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 அன்று கப்பல் கடற்படையில் சேர்ந்துவிட்டது. சேபிள் 1943 மே 8-இல் சேர்ந்தது. அதன் தளம் எஃகு. துப்பாக்கியோ கவசமோ இரண்டிலும் கிடையாது.

பயிற்சி ஸ்குவாட்ரன் என்கிறார்கள், சிலர் யூனிட் என்கிறார்கள். எது சரி?

யூனிட். கிளென்வியூவில் இருந்ததன் முழுப்பெயர் கப்பல் தகுதிப் பயிற்சிப் பிரிவு. ஸ்குவாட்ரன் என்றால் நிரந்தரமான விமானிகள் இருப்பார்கள், ஒன்றாகவே போருக்குப் போவார்கள். இங்கே நிரந்தரமாக இருந்தவர்கள் பயிற்றுநர்கள், மெக்கானிக்குகள், சைகை அதிகாரிகள் மட்டும். விமானிகள் வருவார்கள், தேறுவார்கள், கிளம்பிவிடுவார்கள். பேச்சுவழக்கில் ஸ்குவாட்ரன் என்று சொல்வதில் பெரிய குற்றம் இல்லை.

இங்கே வருகிறவர்கள் பறக்கவே தெரியாத புதியவர்களா?

இல்லை. கிளென்வியூ கடைசிப் படி. தொடக்கநிலைப் பயிற்சி, அப்புறம் பென்சகோலா அல்லது கார்ப்பஸ் கிறிஸ்டி போன்ற தளங்களில் அடுத்த கட்டம், தேறிய விமானி என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் தங்கச் சிறகு குத்துவது, பிறகு ஃப்ளோரிடா போன்ற இடங்களில் அவரவர் ஓட்டப்போகும் போர்விமானத்தில் பழக்கம். இத்தனையும் முடித்துவிட்டுத்தான் இங்கே வருவார்கள். வந்தவுடனும் கப்பலுக்கு அனுப்புவதில்லை. தரையில் ஓடுபாதை மேலேயே கப்பல் தளத்தின் அளவைக் குறித்து, அதற்குள் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்ப்பார்கள்.

அதாவது, நன்றாகவே பறக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்களில் பலருக்கு அசையும் தளத்தில் இறங்குவது அதுவே முதல் தடவை.

பறக்கத் தெரிந்தவனுக்கு இறங்க என்ன கஷ்டம்?

ஒரு இறக்கத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். விமானம் கப்பலுக்கு எதிர்த்திசையில், அதன் இடதுபக்கமாக, தாழ்வாகப் பறந்து வருகிறது. சக்கரம் கீழே, இறக்கை மடல்கள் கீழே, வாலடியில் கொக்கி கீழே, கண்ணாடிக் கூண்டு திறந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் சட்டென்று வெளியேற வேண்டுமே. கப்பலின் பின்பக்கத்தைத் தாண்டியதும் இடதாக வளைந்து திரும்புகிறார் விமானி. நேராக வந்தால் நீளமான மூக்கு மறைத்து, தளமே தெரியாது. அதனால் கடைசிவரை வளைந்தபடியே வர வேண்டும்.

வேகம் கிட்டத்தட்ட விமானம் தாங்கக்கூடிய குறைந்தபட்சம். இன்னும் கொஞ்சம் குறைந்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். அந்த உயரத்தில் அப்படி நடந்தால் சமாளிக்க இடமே கிடையாது. தளத்தின் பின் இடது மூலையில் பளிச்சென்ற நிறத்தில் இரண்டு மட்டைகளைப் பிடித்தபடி சைகை அதிகாரி நிற்கிறார். விமானி வேகமானியைப் பார்ப்பதில்லை, அவரைத்தான் பார்க்கிறார். வலதுகை மட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே அவர் இழுத்ததும் எஞ்சினை அடக்க வேண்டும். விமானம் பொத்தென்று விழுகிறது. கொக்கி குறுக்குக் கம்பியில் மாட்டினால் சற்றுத் தூரத்திலேயே நின்றுவிடும். மாட்டாவிட்டால் முன்னால் தடுப்புக் கம்பிகள் இருக்கின்றன, அவற்றில் போய் மோதி நிற்கும். உயிர் பிழைக்கும், சுழலி வளையும்.

ஏரிக் கப்பல்களில் இன்னொரு சங்கடம். தளம் தண்ணீருக்கு மேலே வெறும் 26 அடி போலத்தான். நீளமும் போர்முனையிலிருந்த எசெக்ஸ் வகைத் தாங்கிகளின் தளத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இங்கே இறங்கியவருக்குப் பசிபிக்கில் காத்திருந்த தளம் தாராளமாகத் தெரிந்திருக்கும்.

சைகை அதிகாரி கையை உயர்த்தினால் "மேலே ஏறு" என்றுதானே அர்த்தம்?

அமெரிக்கக் கடற்படையில் நேர்மாறு. கை மேலே போனால் "நீ அதிக உயரத்தில் இருக்கிறாய்" என்று பொருள். கை கீழே போனால் "தாழ்ந்துவிட்டாய்". விமானியின் நிலையை அவர் நடித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். இரண்டு கைகளும் நேராக நீண்டிருந்தால் எல்லாம் சரி. கட்டளைகள் இரண்டே இரண்டு: மேலே சொன்ன "எஞ்சினை அடக்கு", அப்புறம் மட்டைகளைத் தலைக்கு மேல் வீசிக் காட்டும் "இறங்காதே, சுற்றிக்கொண்டு வா". இவற்றை மீற முடியாது.

உங்கள் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பிரிட்டிஷ் கடற்படையில் அப்போது கை உயர்ந்தால் ஏறு என்றே பொருள். இரு நாட்டு விமானிகளும் ஒன்றாகப் போரிட்டபோது இது ஆபத்தான குழப்பமாயிற்று. கடைசியில் விட்டுக்கொடுத்தது பிரிட்டன்.

எத்தனை தடவை இறங்கினால் பாஸ்?

எட்டு. நம் ஊரில் லைசென்ஸுக்கு எட்டு போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வானிலை ஒத்துழைத்தால் ஒரே நாளில், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கொக்கியைக் கம்பியிலிருந்து விடுவித்ததும் அதே விமானத்தில் உடனே ஓடிக் கிளம்பி, ஒரு சுற்று சுற்றி வந்து அடுத்ததைப் போட வேண்டியதுதான்.

17,820 பேர் தேறினார்கள், மொத்தம் 1,16,000 இறக்கங்கள் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு எட்டு வரவில்லையே?

வராது. ஆறரைதான் வரும். உங்கள் கணக்கில் தவறில்லை. ஆளுக்கு எட்டு என்ற விதியும் இந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் அப்படியே சரியாக இருக்க முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி இந்த எண்கள் ஒட்டிக்கொண்டே திரிகின்றன.

வுல்வரினில் சுமார் 65,000, சேபிளில் சுமார் 51,000 என்று இறக்கங்களைக் கப்பல்வாரியாகச் சொல்கிறார்கள். எனக்கு இதன்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. ஒவ்வோர் இறக்கத்தையும் கப்பலிலேயே எண்ணுவார்கள் அல்லவா? அதை எட்டால் வகுத்தால் பதினான்காயிரத்துச் சொச்சம் பேர் வருகிறார்கள். அதனால் "பதினைந்தாயிரம் அளவில்" என்று சொல்வதே என் வழக்கம். எப்படிச் சொன்னாலும், இரண்டு பழைய படகுகளுக்கு அது பெரிய எண்.

காற்றே இல்லாத நாளில் என்ன செய்வார்கள்?

இந்தப் பயிற்சியின் பெரிய தலைவலியே அதுதான். விமானம் சுமார் 80 நாட் (மணிக்கு 80 கடல்மைல்) வேகத்தில் வருகிறது. கப்பல் காற்றை எதிர்த்து ஓடினால், கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து அதில் கழிந்துவிடும். தளத்தின் மேல் 30 நாட் காற்று அடித்தால், விமானம் தளத்தைத் தொடும் வேகம் 50 நாட்தான். போர்முனைத் தாங்கிகள் 30 நாட்டுக்கு மேல் ஓடும், காற்று இல்லாவிட்டாலும் கவலை இல்லை. வுல்வரினோ முக்கி முனகி 18 நாட். மீதியை இயற்கைதான் கொடுக்க வேண்டும்.

ஏரி அசையாமல் கிடக்கும் நாட்களில் ஹெல்கேட், கோர்சேர், அவெஞ்சர் போன்ற கனமான விமானங்களை இறக்க முடியாது. அப்படிச் சில நாட்கள் தொடர்ந்தால் கிளென்வியூவில் ஆட்கள் குவிந்துவிடுவார்கள். அப்போது ஒரு மாற்றுவழி வைத்திருந்தார்கள்: எஸ்.என்.ஜே. என்ற இலகுவான பயிற்சி விமானத்தில் எட்டு இறக்கங்களையும் போட்டுத் தேறிவிடலாம். இதிலும் ஒரு சிக்கல். பலர் அதைக் கடைசியாக ஓட்டி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். மறந்துபோன விமானத்தில் பழகாத கப்பலில் இறங்க வேண்டும்.

தளத்துக்குக் கீழே விமானங்களை எங்கே வைப்பார்கள்?

எங்கும் வைப்பதில்லை. கீழே விமானக் கொட்டகையும் கிடையாது, லிஃப்டும் கிடையாது. அடிபட்ட விமானங்களைத் தளத்திலேயே ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். இடம் தீர்ந்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. கப்பல் நேவி பியருக்குத் திரும்பிவிடும்.

சிகாகோ குளிரில் இதெல்லாம் நடந்ததா?

நடந்தது. தளத்தில் விழும் பனியை மண்வாரியால் அள்ளித் தள்ளிவிட்டுத் தொடர்வார்கள். கண்ணாடிக் கூண்டு திறந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது ஜனவரிக்கும் பொருந்தும். இறங்கும் ஒவ்வொரு முறையும் உறைபனிக் காற்று முகத்தில் அறையும். தண்ணீரில் விழுந்தவரைச் சில நிமிடங்களுக்குள் தூக்காவிட்டால் குளிரே கொன்றுவிடும்.

எத்தனை பேர் இறந்தார்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

கப்பல்களில் இறங்கப் பழகும்போது இறந்த விமானிகள் எட்டுப் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஏரியில் போன விமானங்கள் நூற்றுக்கும் மேல். விபத்துகள் இருநூறுக்கும் மேல். வேகம் குறைந்து சரிவது, எஞ்சின் நின்றுவிடுவது, தளத்தின் ஓரத்தில் வழுக்கி விழுவது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

இத்தனை விமானம் விழுந்தும் இறந்தவர்கள் இவ்வளவு குறைவு என்பதற்கு, விழுந்த இடத்தில் எதிரி இல்லை, மீட்புப் படகு பக்கத்திலேயே இருந்தது என்பதே காரணம். இந்தக் கப்பல்களைப் பொம்மைக் கப்பல்கள் என்று கேலி செய்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். தவறு செய்தாலும் பிழைத்து வந்து மறுநாள் திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்கு வேகமான கப்பல் தேவைப்படவில்லை.

ஜார்ஜ் புஷ் இங்கே பழகியவராமே? எந்த புஷ்?

அப்பா. 1989-இல் அதிபரானவர். 1943 ஜூனில், 19 வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது சிறகு வாங்கினார். அவெஞ்சர் விமானத்தில் பழகிவிட்டு, அந்த ஆகஸ்டில் சேபிளில் இறங்கித் தேறினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-இல் சிச்சிஜிமா தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, ஓர் அமெரிக்க நீர்மூழ்கியால் காப்பாற்றப்பட்டது தனிக்கதை.

அவசரத்துக்கு இந்த இரண்டையும் போர்முனைக்கு அனுப்பியிருக்கலாமே?

ஆசைப்பட்டாலும் முடியாது. ஏரிகளிலிருந்து கடலுக்குப் போகும் வழியில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக் கால்வாய்களின் பூட்டுகள் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள்) அப்போது 300 அடிக் கப்பலைக்கூட விடாது. இவையோ 500 அடி அளவில். பெரிய கப்பல்கள் போகும் வழி திறந்தது 1959-இல். உள்ளே வர முடியாத எதிரிக்கும் வெளியே போக முடியாத கப்பலுக்கும் காரணம் ஒன்றேதான். வேகமும் கவசமும் இல்லாததைப் பற்றித்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே.

ஜப்பானியர்கள் இதைவிடத் திறமையான விமானிகள் என்பார்களே. அவர்களிடம் இப்படி ஏற்பாடு இல்லையா?

போரின் தொடக்கத்தில் அவர்கள் விமானிகள் மிகச் சிறந்தவர்கள்தான். ஆனால் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பல ஆண்டுகள் செதுக்கும் முறை அது. மிட்வேயிலும் சாலமன் தீவுகளிலும் அவர்கள் இறக்க இறக்க, இடத்தை நிரப்ப அதே வேகத்தில் ஆள் வரவில்லை. ஹோஷோ என்ற பழைய தாங்கியைப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். எரிபொருள் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தது. 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் சண்டையில் ஜப்பானின் அரைகுறைப் பயிற்சி விமானிகள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தார்கள். எதிரே இருந்த அமெரிக்க விமானிகளில் பலர் இந்த ஏரி வழியாக வந்தவர்கள். வெற்றிக்கு ரேடாரும் ஹெல்கேட்டும் கூட காரணங்கள், எல்லாப் பெருமையையும் ஏரிக்கே கொடுத்துவிட முடியாது.

ட்ரோன்கூட விட்டார்களாமே?

ஆமாம். 1943-இல் டி.டி.என்.-1 என்ற தொலைவிலிருந்து இயக்கும் விமானத்தைச் சேபிளில் சோதித்தார்கள். அது போருக்குப் போகவில்லை.

மிட்வே சண்டையில் பறந்த விமானம் சிகாகோ ஏரியில் கிடந்தது என்கிறார்கள். பசிபிக் எங்கே, சிகாகோ எங்கே?

பயிற்சிக்குப் புது விமானம் யார் கொடுப்பார்கள்? போர்முனையில் அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்ட பழையவைதான் கிளென்வியூவுக்கு வந்தன. அதில் ஒன்று 2106 என்ற எண்ணுடைய டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானம். 1942 ஜூன் 4 அன்று மிட்வேயில் மரைன் படையின் டேனியல் ஐவர்சன் அதை ஓட்டிச் சென்று, ஜப்பானியத் தாங்கி ஹிர்யூவைத் தாக்கினார். ஒரே சக்கரத்தில் திரும்பி வந்து இறங்கினார். எண்ணிப் பார்த்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட துளைகள். அவர் தொண்டையில் கட்டியிருந்த மைக்கின் கம்பியைக்கூட ஒரு குண்டு அறுத்துப் போயிருந்தது.

அந்த விமானத்தைச் சரிசெய்து ஏரிக்கு அனுப்பினார்கள். 1943 ஜூன் 11 அன்று பயிற்சிக் கப்பலில் இறங்க வந்தபோது தண்ணீரில் விழுந்தது. விமானி பிழைத்துக்கொண்டார். 1994-இல் வெளியே எடுத்து, இப்போது பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த, உப்பில்லாத தண்ணீர் அதை ஐம்பது ஆண்டு காத்துக் கொடுத்தது. துளைகளுக்குப் போட்ட ஒட்டுகளை இன்றும் பார்க்கலாம்.

மீதி விமானங்கள் இன்னும் கீழேதானே கிடக்கின்றன? முக்குளித்துப் போய் ஏதாவது எடுத்து வந்தால்?

வேண்டாம். எத்தனை ஆண்டு கிடந்தாலும் அவை அமெரிக்கக் கடற்படையின் சொத்து. 2004-இல் வந்த மூழ்கிய ராணுவக் கலங்கள் சட்டம் அதை உறுதியாக்கிவிட்டது. அனுமதியில்லாமல் ஒரு திருகாணியை எடுத்தாலும் வழக்குதான். இதுவரை எடுத்த சில டஜன் விமானங்களும் கடற்படையின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டவையே.

ஆனால் கீழேயே விட்டாலும் பழைய பாதுகாப்பு இல்லை. வெளியிலிருந்து வந்து ஏரியெங்கும் பரவிவிட்ட குவாகா சிப்பிகள் விமானங்களை மூடி அரித்துக்கொண்டிருக்கின்றன. எடுப்பதா விடுவதா என்ற வாதத்தில் நான் எடுப்பவர்கள் பக்கம்.

கப்பல்கள் என்ன ஆயின?

இரண்டும் 1945 நவம்பர் 7 அன்று பணியிலிருந்து விலக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

சிகாகோவில் இருக்கிறேன். நேரில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, விமான நிலையத்திலேயே இருக்கிறது. ஓ'ஹேர் விமான நிலையத்தின் டெர்மினல் 2-இல் வைல்ட்கேட் வகைப் போர்விமானம் ஒன்று நிற்கிறது. ஏரியிலிருந்து எடுத்துச் சீரமைத்தது. விமான நிலையத்துக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஓ'ஹேர் ஓட்டிய விமானமே அது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அவர் ஓட்டிய வகை மட்டும்தான். சிகாகோவின் இன்னொரு விமான நிலையமான மிட்வேயில் ஒரு டான்ட்லெஸ் தொங்குகிறது, அதுவும் ஏரியில் கிடந்ததுதான்.

கிளென்வியூ தளத்தை 1995-இல் மூடிவிட்டார்கள். ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் கடைகளும். பழைய விமானக் கூடத்தின் ஒரு பகுதியை இடிக்காமல் கடைத்தெருவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நேவி பியர் இன்று ராட்டினமும் தின்பண்டக் கடைகளுமாக இருக்கிறது. ஒருநாள் ஒதுக்க முடியும் என்றால் கிளென்வியூவிலிருந்து தொடங்குங்கள். விமானம் ஏறப் போகும் அவசரத்தில்தான் நேரம் கிடைக்கும் என்றால் டெர்மினல் 2 போதும்.